பொடிக்குள் பதினொன்றாவது

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில், காலை 10:40 மணிக்கு, ட்யூப்லைட் எரியும் ஆய்வுக்கூடத்தில். என் தங்கை மேல் ஆணையாகச் சொல்கிறேன், ஒரு வார்த்தைகூட இட்டுக்கட்டியதல்ல.

நைலான் பொடியை லேசரால் உருக்கி மாதிரிப் பாகங்கள் செய்வது எங்கள் வேலை. முடி கனத்துக்கு ஒரு படலம் பொடி, அதன்மேல் லேசர், மறுபடியும் பொடி. உருகாத பொடி சுற்றிலும் அப்படியே நிற்கும். ராத்திரி முழுக்க ஆறவிட்டு, மறுநாள் மாவுக்கட்டி மாதிரி இருப்பதை உடைத்துப் பாகங்களை எடுக்க வேண்டும். அன்று உள்ளே பத்துப் பல்சக்கரங்கள் இருந்தன.

தூரிகையால் பொடியைத் தள்ளிக்கொண்டே எண்ணினேன். எட்டு... ஒன்பது... பத்து.

அடியில் இன்னொன்று தட்டுப்பட்டது.

ஒரு முகம். உள்ளங்கை அளவுதான். என் தங்கை கணவனின் முகம். கண் மூடி, வாய் பிளந்து... வாய் நிறையப் பொடி. ஊதினேன். போகவில்லை.

எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் தலைக்கேறியது. அவனுக்கும் இங்கேதான் வேலை. போன மாதம் என் மூக்கை இதே எந்திரத்தில் செய்து, சாவிக்கொத்தில் மாட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தவன்.

"என்ன மாப்ள இது? விளையாட இதான் நேரமா?"

பார்த்தான். முகம் வெளுத்தது.

"சத்தியமா நான் இல்ல மச்சான். நேத்து நான்..."

"வாய மூடு. போய் சிலிண்டர் ரூமைக் கூட்டு. முடிக்காம வெளிய வந்தே, அவ்வளவுதான்."

போனான். மணி 10:55.

சரக்... சரக்... துடைப்பச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

11:20. நின்றது.

கூப்பிட்டேன்.

மறுபடியும் கூப்பிட்டேன்.

கதவைத் திறந்தேன்...

பொடி தீப்பிடிக்காமலிருக்க எந்திரத்துக்குள் செலுத்தும் நைட்ரஜன் சிலிண்டரிலிருந்து கசிந்திருந்தது. அதற்கு வாசனை கிடையாது; அறையில் நிறைந்தால் மூச்சுவிட ஆக்ஸிஜன் இருக்காது. அவிழ்ந்திருந்த கழிவுப் பொடி மூட்டை மேல் குப்புற விழுந்து கிடந்தான். காலைப் பிடித்து வெளியே இழுத்துத் திருப்பினேன்.

கண் மூடி, வாய் பிளந்து...

வாய் நிறையப் பொடி.

மூன்றாம் நாள் எந்திரத்தின் பதிவைப் பார்த்தேன். கோப்பில் இருந்தது பத்துச் சக்கரங்கள் மட்டுமே. ஆனால் அவன் சாவதற்கு முந்தின நாள் மாலை 4:12 முதல் 4:50 வரை, ஒவ்வொரு படலத்துக்கும் லேசர் பதின்மூன்று வினாடி கூடுதலாக எரிந்திருந்தது. அந்த முகம் அப்போதுதான் உருவாகியிருக்கிறது.

அந்த நேரம் அவன் இங்கே இல்லவே இல்லை. குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க, என் தங்கையை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்தான். அவன் லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டவனே நான்தான்.