புழுவுக்குப் பயப்படும் ஏகநாதன்

ஏகநாதன் கொத்தமல்லிக் கட்டை ஐந்தாவது தண்ணீரில் அலசிக்கொண்டிருக்கிறார். கொதிக்கிற ரசத்தில் விழப்போகிற கொத்தமல்லிதான். இருந்தாலும் விடமாட்டார். "இத்த கழுவற நேரத்துல எங்க நைனா ரெண்டு எருமையக் குளுப்பாட்டிக் கட்டியிருப்பாரு" என்று தன்னையே நக்கலடித்துக்கொண்டு, ஆறாவது தண்ணீருக்குக் குழாயைத் திறக்கிறார்.

கீழ்க்கட்டளை ஏரியை ஒட்டி அந்தக் குடும்பத்துக்கு நஞ்சை இருந்தது. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். மெயின் ரோட்டில் அவருக்கு ஒரு பெயின்ட் கடை. வயது ஐம்பத்தாறு. இரண்டரை வருடம் முன்பு அவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது, மனைவி சந்திரிகா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். புதிதாக வந்ததை உடம்பு எதிரி என்று நினைத்துத் தாக்கிவிடாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை. அந்த மாத்திரையோ உடம்பின் காவலையே தளர்த்திவிடும். கடைக்கு வருகிறவர்களிடம் அதை அவர் இப்படித்தான் விளக்குவார்: "சம்சாரத்தக் கடிச்சிடப் போவுதுன்னு வூட்டு நாய்க்கு மயக்க மருந்து குடுத்து வெச்சிகீறேன். இப்ப எவன் வேணா உள்ள பூரலாம் சார்."

அப்படி உள்ளே புகுந்தவன் ஏற்கெனவே ஒருவன் இருந்தான். ஆபரேஷனுக்கு முன் சோதித்தபோது குடலில் ஒரு புழு. சின்ன வயதில் சேற்றில் வெறுங்காலோடு திரிந்தபோது பாதத்தைத் துளைத்துக்கொண்டு போனதாக இருக்கலாம், காவல் இருக்கிறவரை சும்மா கிடக்கும், தளர்ந்தால் உடம்பு முழுக்கப் பரவி ஆளையே முடித்துவிடும் என்றார் டாக்டர். மருந்து கொடுத்து ஒழித்தார்கள். "நாப்பது வருசமா என் வவுத்துல குந்தினு கீது, ஒரு வார்த்த சொல்லல பாரு" என்று ஏகநாதனுக்கு அதன்மேல் வருத்தம்கூட உண்டு.

அன்று முதல் மண்ணைக் கண்டால் உதறல்தான். வாசல் செடிக்குத் தண்ணீர் ஊற்ற முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடுகிறார், மூன்று தலைமுறை விவசாயி வீட்டுப் பிள்ளை. பூனை குறுக்கே போனால் நின்றுவிடுவார். சகுனத்துக்காக அல்ல. அது எந்த மூலையில் வெளிக்குப் போயிருக்குமோ என்ற கவலை.

இவ்வளவு பயந்தவர் போன வருடம் ஆடியில் செய்த காரியத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். அம்மன் கோவிலில் கூழ் ஊற்றும்போது முதல் சொம்பு ஏகநாதன் வீட்டு ஆம்பளைக்குத்தான். அவர் குடித்த பிறகே ஊர் குடிக்கும். அவர் வாங்காவிட்டால் அந்த மரியாதை பங்காளி பாலு வீட்டுக்குப் போய்விடும். கூழ் காய்ச்சியதுதான், ஆனால் கரைத்தது எந்தத் தண்ணீரிலோ. பாலு எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அது போதாதா? நம் ஆள் மடமடவென்று குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார்.

மூன்று வாரம் பேதி. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒட்டுண்ணி என்றார்கள். சிறுநீரகம் தங்குமா தங்காதா என்கிற நிலைமை. சந்திரிகா திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எங்கிட்ட இன்னும் ஒண்ணுதாங்க கீது" என்று மட்டும் சொன்னாள். மற்ற எல்லாவற்றையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிற ஏகநாதன், இந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுப் பெயின்ட் டப்பாக்களை நேராக அடுக்க ஆரம்பிக்கிறார்.

இந்த வருடமும் ஆடி வந்தது. கோவில் வாசலில் இரட்டைச் சாக்ஸ் போட்டுக்கொண்டு நின்றவரைப் பார்த்துப் பாதி ஊர் சிரித்தது. பூசாரி சொம்பை நீட்டினார். வாங்கமாட்டார் என்று நினைத்தோ என்னவோ, பாலு ஓரடி முன்னால் வந்தான். ஏகநாதன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்படியே திரும்பி, பெண்கள் வரிசையில் நின்ற சந்திரிகாவிடம் நீட்டினார்.

"அண்ணே, மொத சொம்பு பொம்பளைங்களுக்குக் குடுக்கற வயக்கம் இல்லியே" என்றார் பூசாரி.

"நான் குடிச்சாலும் அவ கிட்னிக்குத்தான் போவுது. அவளே குடிக்கட்டும்."

சந்திரிகா அவரையும் சொம்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாங்கி, நிதானமாக, வாய் எடுக்காமல் குடித்தாள். அவள் குடித்து முடிக்கிறவரை ஏகநாதன், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.