கடலடியில் கேட்ட களத்துக் குரல்

சக்கூரை எபிரெயர் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கங்காணி" என்பார்கள், சொல்லிவிட்டுத் துப்புவார்கள். செங்கற்களத்தில் எகிப்தியர் அவனை அவன் சனத்தின்மேலேயே காவல் வைத்திருந்தார்கள். கல் குறைந்தால் அவன் சனத்தை அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் அவன் முதுகு கிழியும். ஆகவே அடித்தான்.

எல்லாரும் விடுதலையாகிப் புறப்பட்ட இரவில் அவனும் ஆட்டுக்குட்டியை அறுத்து, சாவு தன் வீட்டைக் கடந்துபோக நிலைக்கால்களில் ரத்தம் பூசிவிட்டுக் கூடவே வந்தான். கடைசி ஆளாக, தனியாக.

இப்போது முன்னே கடல். பின்னே, அவர்களைத் திரும்பப் பிடிக்க வந்த எகிப்து ராஜா பார்வோனின் ரதங்கள். நடுவில் ஒரு மேகம் மதில்போல இறங்கி நின்று அவற்றை மறித்திருந்தது. அதற்கு அப்பால் குதிரைகள் கனைத்தன.

"உன் எசமாங்க வந்துட்டாங்க கங்காணி, போய்க் காலப் புடி" என்றாள் ஒக்லாள். அவள் புருஷன் ஈகால், சக்கூரின் பிரம்படியில் படுத்தவன், எழுந்திருக்கவே இல்லை.

"வேவு பாக்க வந்த பய அக்கா இவன். இங்கயே கட்டிப் போட்டுருவோம்" என்றான் அவள் தம்பி ஏலோன்.

"கட்ட வேணாம்பா. நான் ஒதுங்கியே வர்றேன்."

"வந்து பாரு. அக்கரையில கல்லெறிஞ்சே கொல்லுவேன்" என்றாள் ஒக்லாள்.

கர்த்தர் அனுப்பிய கீழ்க்காற்று கடலை இரண்டாகப் பிளந்தது. சனம் உள்ளே இறங்கியது. பாதி வழியில், தலையில் மாவுப் பாத்திரத்தோடு ஒக்லாள் நின்றுவிட்டாள். இருபுறமும் தண்ணீர் செங்குத்தாக நின்றது. அண்ணாந்து பார்த்தவளுக்குக் கால் எழவில்லை. அவளைச் சுற்றியிருந்தவர்களும் உறைந்து நின்றார்கள். ஏலோன் கெஞ்சினான், இழுத்தான். யாரும் அசையவில்லை. பின்னால் ரதங்கள் கடலுக்குள் இறங்கும் சத்தம் கேட்டது.

சக்கூர் வாயைத் திறந்தான். ஜெபம் வரவில்லை. களத்துக் குரல்தான் வந்தது.

"ஏய்! எவ அங்க நிக்கிறது? குனி! தூக்கு! நட!"

அத்தனை முதுகுகளும் குனிந்தன. கால்கள் தாமாக நடந்தன. ஒக்லாளும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். கரை ஏறும்வரை அவன் கத்திக்கொண்டே வந்தான். கடைசியாக அவன் ஏறியபோது, பின்னால் ரதங்களின் சக்கரங்கள் கழன்றன. கடல் மூடிக்கொண்டது.

விடிந்தது. பெண்கள் தம்புரு என்னும் கைப்பறையை அடித்து ஆடினார்கள். சக்கூர் கரை ஒதுங்கிய பிணங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஒக்லாள் கல்லோடு வந்தாள்.

"எசமானுக்கு ஒப்பாரியா?"

"இல்ல. என்னை அடிச்சவன் இதுல இருக்கானான்னு பாக்கறேன்."

"கர்த்தர் வழிவிட்டாரு. நானோ உன் பிரம்புக்குப் பயந்து நடந்தேன். உசுரு பொழைச்சும் வயிறு எரியுதுடா."

"எரியட்டும். எறி."

எறிந்தாள். தோளில் பட்டு ரத்தம் வந்தது. இரண்டாவது கல்லுக்கு அவள் குனியவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

அதன்பின் வனாந்தரத்தில் ஆடு வழி தவறினால்கூட, சக்கூர் அந்தக் குரலை எடுக்கவில்லை; கையைத் தட்டித்தான் கூப்பிட்டான்.