விரல் தொட்டுப் பார்க்கும் அண்ணி

"கையைக் காட்டு" என்றுதான் அண்ணி எவரிடமும் பேச்சைத் தொடங்குவார். வீட்டுக்கு வந்த விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் அவருடைய விரல் நுனி அண்ணியின் விரல்களுக்கு நடுவில் இருக்கும். தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார்: "விரல் ஏன் ஜில்லுனு இருக்கு? மனசுல என்ன ஓடுது?" வந்தவர் விழிப்பார். பிறகு, சொல்ல நினைக்காத ஏதோ ஒன்றைச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

பயமோ கவலையோ வந்தால் உடம்பு ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது, விரல்கள் குளிர்ந்துவிடுகின்றன. மனம் அமைதியானால் மீண்டும் கதகதப்பாகின்றன என்பது அண்ணியின் விளக்கம். தான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் இதற்கென்று விரலில் மாட்டும் ஒரு கருவி வைத்திருக்கிறார். அதில் விரலின் வெப்பம் எண்ணாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நோயாளி மூச்சை மெதுவாக்கப் பழகுவார். வீட்டில் அண்ணியின் விரல்தான் கருவி. அதை ஏமாற்ற முடியாது. பரீட்சை முடிவு வந்த அன்று, "எனக்கு ஒண்ணும் பயமில்ல" என்று வீராப்பாகச் சொன்ன என் கையைத் தொட்டுவிட்டு, "வாய் சொல்லுது. விரல் என்ன சொல்லுது தெரியுமா?" என்று சிரித்தவர் அவர்.

நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்து எழுதினால் மழை கொட்டும் என்பார்கள். கொட்டட்டும்.

அண்ணியின் வேலையைச் சொன்னால் பலரும் ஒரு அடி தள்ளி நிற்பார்கள். நோயாளிகளின் வலியையும் பயத்தையும் ஹிப்னாடிசத்தால் குறைப்பது அவர் வேலை, அந்தச் சொல் அப்படி. கீழ்வீட்டு அத்தை ஒருநாள் படியேறி வந்து, குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக்காரர் பீரோ சாவியை எங்க ஒளிச்சு வச்சிருக்காருன்னு அவர் வாயாலேயே சொல்ல வைக்க முடியுமாம்மா?" என்று கேட்டார்.

"அவருக்கு இஷ்டமில்லாம ஒரு வார்த்தை வராது அத்தை. நீங்களே அன்பா கேட்டுப் பாருங்க."

"அன்பா கேட்டா சந்தேகப்படுவாரே!"

யாரையும் தூங்க வைப்பதில்லை என்று அண்ணி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். பக்கத்தில் யார் கூப்பிட்டாலும் கேட்காத அளவுக்கு ஒரு கதையில் மூழ்கிப்போகிறோமே, அதுதான் அந்த நிலை. காது கேட்கும், நினைவு இருக்கும், வேண்டாமென்றால் எழுந்து போகலாம். எல்லோருக்கும் அது ஒரே அளவில் கைகூடுவதும் இல்லை. சிலர் உடனே மூழ்குவார்கள், சிலர் கரையிலேயே நிற்பார்கள். மருந்துக்குப் பதிலாகத்தானே இதெல்லாம் என்று கேட்டால் அண்ணிக்குக் கோபம் வந்துவிடும். "மருந்து தன் வேலையைப் பாக்கும். பயமும் தன் வேலையைப் பாக்கும். நான் அந்தப் பயத்தோட வேலையைக் கொஞ்சம் குறைக்கிறேன், அவ்வளவுதான்."

அண்ணிக்கு இரண்டு குரல்கள் உண்டு. வீட்டுக் குரல், கதவைத் தாண்டித் தெருமுனை வரை போகும். மருத்துவமனைக் குரல் தாழ்ந்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் தரையில் மெல்ல வைப்பதுபோல் வரும். அந்த இரண்டாவது குரலை வீட்டில் எடுக்கக் கூடாது என்று அண்ணன் உத்தரவே போட்டிருக்கிறார். அண்ணன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், நாள் முழுக்க இரைச்சலில் இருப்பவர். "நீ கத்தினா எனக்குக் கவலையே இல்ல. மெதுவா பேசினாதான் என்ன குத்தம் செஞ்சேன்னு யோசிக்க வேண்டியிருக்கு" என்பார். ஆனால் கழுத்து பிடித்துக்கொண்ட நாட்களில் அவரே வந்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அண்ணி கால் விரலில் ஆரம்பிப்பார்: இறுக்கு, விடு, கெண்டைக்கால், இறுக்கு, விடு. நெற்றிக்கு வருவதற்குள் அண்ணனின் குறட்டை வந்துவிடும். "உங்க அண்ணனை மட்டும்தான் நான் தூங்க வச்சிருக்கேன்" என்பார் அண்ணி என்னிடம்.

இன்னொரு விநோதம், சொற்களைச் சல்லடையில் போட்டுச் சலிப்பது. "வலிக்காது" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "வலிக்காதுன்னு சொன்னா மனசு முதல்ல வலியைத்தான் நினைக்கும்." ஆகவே வீட்டிலும் "சிந்தாதே" கிடையாது, "தம்ளரை நேரா பிடி"தான்; "மறக்காதீங்க" கிடையாது, "ஞாபகம் வச்சுக்கோங்க". அண்ணன் ஒருமுறை வீம்புக்கு, "இன்னைக்கு எனக்குக் கோபம் வரலைன்னு சொல்றதா, சந்தோஷமா இருக்கேன்னு சொல்றதா?" என்று கேட்டார். "ரெண்டும் பொய். பேசாம சாப்பிடுங்க" என்றார் அண்ணி.

இவ்வளவு சலித்துப் பேசுபவரின் சல்லடையிலும் ஒரு சொல் தப்பி விழுந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சித்திரம் பாதிதான்.

அண்ணி முதலில் தலைவலிப் பிரிவில் இருந்தார். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு அவர் வழக்கமாகச் சொல்வது, "உங்க கை ரெண்டும் கனமா ஆகுது... விரல் நுனி வரைக்கும் இதமா சூடு பரவுது." கைகள் கதகதப்பானால் உடலின் இறுக்கம் தளரும், பலருக்குத் தலைவலியும் குறையும். ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சொல்லி அது நாக்கிலேயே குடியிருந்தது. பிறகு தீக்காயப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு வந்த முதல் ஆள் ஒரு லாரி மெக்கானிக்.

சூடு ஆறாத ரேடியேட்டரின் மூடியைத் திறந்ததில் கொதிநீர் பீய்ச்சியடித்து அவருடைய வலது கை முழங்கை வரை வெந்துபோயிருந்தது. தினமும் கட்டுப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போதே விரல்களை மடக்கி நீட்ட வேண்டும். செய்யாவிட்டால் புதுத்தோல் இழுத்துக்கொண்டு விரல்கள் அப்படியே விறைத்துவிடும், பிறகு ஸ்பேனர் பிடிக்க முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மெக்கானிக்குக்கும் அது புரிந்துதான் இருந்தது. ஆனால் கட்டுத்துணியின் நுனியை எடுத்தவுடனே கையை இழுத்துக்கொள்வார். வலிமருந்து கொடுத்தும் அப்படித்தான். "ஊசியைப் பாத்தாலே ஊரைச் சுத்தி ஓடுற ஆளு இவரு" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

அண்ணி அருகில் உட்கார்ந்து, கண்ணை மூடச் சொல்லி, மூச்சை இழுத்துவிடச் சொல்லி, எல்லாம் சரியாகத்தான் போனது. மெக்கானிக்கின் முகத்து இறுக்கம்கூடத் தளர்ந்திருந்தது. அப்போது அந்தப் பழைய வரி தானாக வந்துவிட்டது: "உங்க கையில இதமா சூடு பரவுது..."

மெக்கானிக் அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "சூடா? இன்னும் சூடா? வேணாம்மா, நீங்க போங்க. யாரும் என் கையைத் தொட வேணாம்." அவர் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு விரல்களை மடக்கவே முடியவில்லை.

அன்று மாலை அண்ணி வீட்டுக்கு வந்து எவருடைய விரலையும் தொட்டுப் பார்க்கவில்லை. அண்ணன் தானாகவே கையை நீட்டினார். அண்ணி அதைக் கவனிக்காமல் சமையலறைக்குள் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினார். "தெரியாத ஆள் செஞ்சா மன்னிக்கலாம். வார்த்தையாலேயே வேலை செய்யறவ நான்" என்றார் பாத்திரத்தைப் பார்த்து.

மறுநாள் மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். பள்ளி முடித்து அடுத்தது என்ன என்று தெரியாமல் இருக்கும் எனக்கு அதுதான் வேலை. அண்ணி மெக்கானிக்கின் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். கதவின் கண்ணாடி வழியே நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டு மெக்கானிக்கே கூப்பிட்டார். "சினிமாவா ஓடுது? உள்ள வந்து உக்காரும்மா." முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

"அண்ணே, தலைவலிக்காரங்களுக்குச் சொல்ற வார்த்தையை உங்ககிட்ட சொல்லிட்டேன். தப்பு என்னோடது. டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். வேற ஆள் வேணும்னா ஏற்பாடு பண்றேன்" என்றார் அண்ணி. குரல் இரண்டும் இல்லை, நடுவில் ஏதோ ஒன்று.

மெக்கானிக் தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "வண்டி சூடு ஆறாம மூடியைத் திறக்கக் கூடாதுன்னு என்கிட்ட வேலை கத்துக்கிட்ட பசங்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கடைசியில நானே திறந்தேன். ஏன் திறந்தேன்? கைப்பழக்கம். உங்களுக்கு வாய்ப்பழக்கம். உக்காருங்க சிஸ்டர்."

அண்ணி உட்கார்ந்தார். இந்த முறை எதையும் தானாகச் சொல்லவில்லை. "உங்களுக்கு எங்க இருந்தா குளுகுளுன்னு, நிம்மதியா இருக்கும்?" என்று கேட்டார். கடற்கரை, மரத்தடி என்று ஏதாவது வரும் என்று நான் காத்திருந்தேன்.

"லாரிக்கு அடியில" என்றார் மெக்கானிக்.

"அடியிலயா?"

"ஆமா. சிமென்ட் தரை முதுகுல ஜில்லுனு இருக்கும். வெளிய வெயில் கொளுத்தும், அங்க வராது. யாரும் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டாலும் காது கேக்காத மாதிரி இருந்துக்கலாம்."

"அதானே பாத்தேன்!" என்றார் அவர் மனைவி. "நான் எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்தியிருக்கேன்!"

அன்று மாலை அண்ணன் வேலை முடிந்து வந்தபோது, அண்ணி சாப்பாட்டு மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். அண்ணன் குனிந்து பார்த்தார். "ஏம்மா, உடம்பு சரியில்லையா? நான் எதாவது சொன்னேனா?"

"பேசாம இருங்க. அடியில இருந்து பாத்தா எப்படி இருக்கும்னு பாக்கறேன்."

"மேசைக்கு அடியில பாத்தா மேசைதான் தெரியும். லாரி எப்படித் தெரியும்?" அண்ணன் தலையைச் சொறிந்தார். மறுநாள் பள்ளி விடுமுறையாக இருக்க, காலையிலேயே எங்களைப் பேருந்து நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போய், தன் பேருந்துக்கு அடியில் ஒரு சாக்கை விரித்தார். சாவியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுப் பித்தானையும் மாட்டிக்கொண்டார், யாரும் வண்டியை எடுத்துவிடக் கூடாதென்று. அண்ணி உள்ளே ஊர்ந்துபோய்ப் படுத்தார். அண்ணனும் பக்கத்தில் படுத்துக்கொண்டு, இது இன்ஜின், இது கியர்பெட்டி, இது புகை போகும் குழாய் என்று விரலால் காட்டினார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த நான்கு பாதங்களைத்தான் நான் பார்த்தேன். அதில் அண்ணியின் பாதங்கள் இரண்டும் நெடுநேரம் அசையவே இல்லை. வெளியே வந்தபோது அண்ணியின் தலைமுடியில் கிரீஸ் அப்பியிருந்தது. "அந்த மனுஷன் சொன்னது உண்மைதான். அங்க ஒரு அமைதி இருக்கு" என்றார்.

அடுத்த முறை கட்டுப் பிரிக்கும்போதும் மெக்கானிக் என்னை இருக்கச் சொன்னார். அண்ணியின் குரல் தாழ்ந்தது. முதுகுக்குக் கீழே தரை. தரையின் குளிர்ச்சி தோளுக்கு வருகிறது, தோளிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து விரல்களுக்கு. "இப்ப மேல பாக்கறீங்க. புகைக்குழாய் தெரியுது. அதுக்குப் பக்கத்துலயே இன்ஜின்..."

மூடிய கண்களோடு மெக்கானிக் குறுக்கிட்டார். "சிஸ்டர், இன்ஜினைப் பின்னாடி கொண்டுபோயிட்டீங்க."

"சரி அண்ணே. அது எங்க இருக்கணுமோ அங்க நீங்களே வச்சுக்கோங்க."

அவர் முகத்தில் சிரிப்பு பரவியது. அதற்குள் செவிலியர் கட்டைப் பிரித்து முடித்திருந்தார். அண்ணி தொடர்ந்தார். ஒரு நட்டு இறுகிக் கிடக்கிறது. குளிர்ந்த ஸ்பேனர் கையில் இருக்கிறது. மெல்லப் பிடிக்க வேண்டும். செவிலியர் விரல்களை மடக்க, மெக்கானிக் அந்த இல்லாத ஸ்பேனரைப் பிடித்தார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. பற்களைக் கடித்தார். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

முடிந்ததும் கண்ணைத் திறந்து, "வலி இருக்கு சிஸ்டர். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா தள்ளி இருக்கு. நான் அடியில கிடக்கேன், அது ரோட்டுல போற வண்டி மாதிரி போகுது" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் இருவரும் வேலை பார்த்தார்கள். சில நாள் நட்டு அசைந்தது. சில நாள் அசையவில்லை, மெக்கானிக் அழுதார், அண்ணி காத்திருந்தார். பொது வார்டின் மற்ற கட்டில்களில் இருந்தவர்கள், "இன்னைக்கு என்ன வண்டி?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். அண்ணியும் புது நோயாளி எவரிடமும் முதலில் பேசுவதில்லை. எங்கே இருந்தால் நிம்மதி என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயைத் திறப்பதில்லை. ஒரு பாட்டி, மருமகள் இல்லாத சமையலறை என்றாராம். அங்கேயே கூட்டிப்போனாராம் அண்ணி.

மெக்கானிக் வீடு திரும்பும் நாளில் மருத்துவர் கையைச் சோதிக்க வந்தார். தோல் பல நிறங்களில் மினுமினுத்தது. சுண்டுவிரல் இன்னும் கொஞ்சம் பின்தங்கியே இருந்தது. விரல்களால் முழுதாகப் பிடிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவர் ஒரு ரப்பர் பந்தை நீட்டினார். மெக்கானிக் அதை வாங்கவில்லை. சுற்றும்முற்றும் பார்த்து, கட்டிலின் தலைமாட்டில் சுவரோடு சுவராக நின்றிருந்த அண்ணியிடம், "கையைக் காட்டுங்க சிஸ்டர்" என்றார்.

அண்ணி கையை நீட்டினார். மெக்கானிக்கின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி அதைப் பிடித்துக்கொண்டன, சுண்டுவிரல் கடைசியாக. அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். மெக்கானிக் மட்டும் புருவத்தைச் சுருக்கினார்.

"என்ன சிஸ்டர், விரல் இப்படி ஜில்லுனு இருக்கு? மனசுல என்ன ஓடுது?"

அண்ணி இன்னொரு கையையும் கொண்டுவந்து அந்தப் பிடிக்குள் நுழைத்துக்கொண்டார்.