உச்சி வேளைக் கதவு

போன வெள்ளிக்கிழமை உச்சிகாலப் பூஜை பார்க்கலாமென்று பூவும் எண்ணெய்க் கிண்ணமுமாய்க் கோயிலுக்குப் போனேன். நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவில் ஒரு பலகையைக் கட்டித் தொங்கவிட்டு, 'நடை திறப்பு நேரம் மாற்றம்' என்று சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பூக்காரம்மா, "அதுதான் சாத்திப்போட்டாங்களே, இன்னும் என்னத்தைப் பரீட்சைக்குப் படிக்கறாப்புல படிக்கறீங்க?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சாமியும் கொஞ்சம் கண்ணயர வேண்டாமா? படியில் சற்று உட்கார்ந்துவிட்டு, முட்டி வலிக்கு அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். வீட்டுக்கு வந்து கை கழுவின பிறகும் விரலில் துருவும் மசகும் கலந்த வாடை போகவில்லை.

அந்த வாடை எனக்கு வேறொரு கதவின் வாடை. தொண்ணூறுகளில் எங்கள் ஊரை ஒட்டிப் பவானி ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கதவணை இருந்தது. அணைக்கு மேலே ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்குப் பாதை. இரண்டு முனையிலும் இரும்புக் கம்பிக் கிராதிக் கதவு. தண்ணீரை மறிக்கும் ஷட்டரைத் தூக்குகிற கிரேன் அந்தப் பாதையின் மேலேயேதான் தண்டவாளத்தில் ஓடும். அது ஓடும்போது ஆள் நடக்கக் கூடாது. அதனால் காலையில் கொஞ்ச நேரம், உச்சியில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் என்று கதவைத் திறந்துவிடுவார்கள். மற்ற நேரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டு. அணை வருவதற்கு முன்னால் பரிசல் இருந்தது. அணை வந்ததும் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பரிசல்காரர் பரிசலை வாசலில் கவிழ்த்துப்போட்டுக் கோழி அடைத்தார். "என்ற கோழிக கப்பல்ல தூங்குதுங்க" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

அக்கரையில் ஒரு நூல் மில். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒரு கூட்டமே அங்கே வேலைக்குப் போனது. அதில் ஒருத்தி என் கொழுந்தனார் சம்சாரம் சரசு. கொழுந்தனார் போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே போய்விடுவார். திரும்பி வர மாதங்கள் ஆகும். சரசு கல்யாணமாகி வந்ததிலிருந்து என்னோடுதான் ஒரே அடுப்பு. என்னை அக்கா என்பாள். சமையலில் என்னைவிடக் கைகாரி, ஆனால் அதை ஒருநாளும் நான் ஒத்துக்கொண்டதில்லை. "அக்கா, உங்க ரசத்துல மீன் புடிக்கலாமுங்க, அத்தனை தெளிவு" என்று முகத்துக்கு நேராகவே சொல்வாள்.

அவளுக்குப் பெண் பிறந்தாள். பவானி அம்மன் பேரையே வைத்தோம், வேதநாயகி என்று. குழந்தை தலை நிற்பதற்குள் மில்லில் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்த தை வந்தால் அவளை நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் நின்றால் எல்லாம் போச்சு. குழந்தையோ புட்டியைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்ளும். பசும்பால், பாலாடை, தேன் தொட்ட விரல், எனக்குத் தெரிந்த சாமிகளின் பேர் எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ம்ஹூம். அதனால் உச்சி வேளைக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் இந்தக் கரைக் கதவுக்குப் போவேன். மில்லில் சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் சரசு பாலத்தில் ஓட்டமும் நடையுமாக வருவாள். தலையெல்லாம் பஞ்சு. காவல்காரர் கொட்டகை நிழலில் உட்கார்ந்து பால் கொடுப்பாள். பஞ்சும் பாலும் வேர்வையும் கலந்து அவளிடம் ஒரு மணம் வரும். இப்போதும் தலையணை உறை பிரிந்து பஞ்சு கொட்டினால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

காவல்காரர் பெயர் காளியண்ணன். எங்கள் ஊர்க்காரர்தான். வாய் நிறைய வெற்றிலை, இடுப்பில் சாவிக்கொத்து. "சின்ன அம்மணி, உனக்கோசரந்தான் கவர்மெண்டு கதவத் தொறக்குது, தெரியுமா கண்ணு?" என்று குழந்தையிடம் சொல்வார். மில் பெண்கள் சும்மா விட மாட்டார்கள். "அண்ணனுக்குப் பூட்டைத் தொட்டுப் பாக்காட்டி ராத்திரி தூக்கம் வராதுங்க்கா. ஊட்ல அக்காளையும் வெச்சுப் பூட்டிப்போட்டுத்தான் வாராரு." அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அவளப் பூட்டிப் பாருங்க அம்மணி, பூட்டே பயந்துக்கும்" என்பார்.

பங்குனி பிறந்த சமயம் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். இனிமேல் உச்சியில் கதவு திறக்காது, அந்த நேரத்தில்தான் ஷட்டரைத் தூக்கித் தண்ணீர் விடப்போகிறார்கள் என்று. கரண்டு எடுக்க அந்த நேரம் தோதாம். காலையிலும் மாலையிலும் திறப்பதில் மாற்றமில்லை. யாருக்கும் பெரிதாகப் படவில்லை. எனக்கும் சரசுவுக்கும்தான் அது குழந்தையின் பால் வேளை.

ஆபீசரைப் பார்க்கப் போனோம். கெட்ட மனிதர் அல்ல, உட்காரச் சொன்னார். "மேல இருந்து வந்த உத்தரவும்மா. நான் என்ன பண்றது? கொஞ்ச நாள் புட்டிப்பால் குடுத்துப் பழக்குங்களேன்" என்றார்.

"குடிச்சா நான் எதுக்குங்க சார் உங்க வாசல்ல வந்து நிக்கறேன்?" என்றாள் சரசு. சொல்லும்போதே அவள் ரவிக்கை நனைந்துவிட்டது. மாராப்பை இழுத்து மூடிக்கொண்டாள். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே, எழுதிப் போட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றார்.

டவுன் பாலத்தைச் சுற்றிப் பஸ்ஸில் வந்தால் சாப்பாட்டு நேரம் போகவே பத்தாது. மிச்சமிருந்தது ஆறுதான். ஷட்டர் மூடியிருக்கும்போது அணைக்குக் கீழே தண்ணீர் வற்றிப் பாறை தெரியும். பாறைக்குப் பாறை தாண்டி, இடையில் முழங்கால் தண்ணீரில் இறங்கினால் அக்கரை. ஆடு மேய்க்கிறவர்கள் வருவார்கள், போவார்கள்.

புது ஏற்பாட்டில் காளியண்ணன் வேலையும் மாறியிருந்தது. உச்சியில் அவர் கரையில் சிவப்புக் கொடியை நட்டுவைத்து, ஆற்றுக்குள் ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யாருமில்லை என்றால் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறிப் பச்சைக் கொடி காட்டுவார். மேலே கிரேன்காரர் அதைப் பார்த்ததும் சங்கு ஊதி ஷட்டரைத் தூக்குவார். ஆற்றுக்குள் யாரையும் விடக் கூடாது என்பது உத்தரவு. முதல் நாள் குழந்தை வீறிட்டதைப் பார்த்து அவரே சொன்னார்: "வெரசா வந்து குடுத்துப்போட்டுப் போயிருங்கம்மிணி. நீங்க அக்கரை ஏறாம நான் கொடியத் தொட மாட்டேன்."

அப்படியே நடந்தது. பால் கொடுத்துவிட்டுச் சரசு பாறைகளைத் தாண்டிப் போவாள். கடைசிப் பாறையில் நின்று திரும்பி, "அண்ணா, வாரேனுங்!" என்று சத்தம் போடுவாள். எங்கள் பக்கத்தில் யாரும் போறேன் என்று சொல்வதில்லை, உங்களுக்குத் தெரியாததல்ல. பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் வாரேன்தான். போகிறேன் என்று வாயால் சொன்னால் அது சாவைச் சொல்கிற மாதிரி. அவள் வாரேன் என்றால் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். காளியண்ணன் கையை உயர்த்திக் காட்டிவிட்டுச் சிவப்புக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு மேட்டுக்கு நடப்பார். நான் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டுவேன். சரசு கரையேறி நாணலுக்குள் மறைவாள். அவள் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வார்த்தையில்தான் அணை திறந்தது.

வெயில் ஏறிய ஒரு செவ்வாய்க்கிழமை குழந்தைக்கு உடம்பு சுட்டது. கோயிலில் திருநீறு வாங்கிப் பூசித்தான் தூக்கிப் போனேன். சரியாகக் குடிக்கவில்லை. கடித்தது, உதறியது, அழுதது. நேரமாகிறதே என்று சரசு மனசில்லாமல் என்னிடம் கொடுத்துவிட்டு ஆற்றில் இறங்கினாள். அவள் போகப் போகக் குழந்தை குரலை ஏற்றியது. ஆறு முழுக்க அந்த அழுகைதான். அவள் கடைசிப் பாறையில் நின்றாள். திரும்பினாள்.

"அண்ணா, வாரேனுங்!"

காளியண்ணன் கையை உயர்த்தினார். நான் அழுகிற குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினேன். அவள் ஒரே எட்டில் கரையேறியதை இருவரும் பார்த்தோம். அவர் கொடியைப் பிடுங்கினார். நான் குழந்தையைத் தட்டிக்கொண்டே புளியமரத்துப் பக்கம் நடந்தேன்.

அக்கரையில் அவளுக்காகக் காத்திருந்தவள் பொன்னம்மா, கூட வேலை செய்கிறவள். பிறகு அவள் சொல்லித்தான் மிச்சம் தெரியும். சரசு சாப்பாட்டுத் தூக்குப்போசியை அவளிடம் நீட்டினாளாம். "புள்ள ரொம்ப அழுவுது புள்ளே. ஒரு எட்டுப் போயி அமத்திப்போட்டு வந்தர்றேன். மேஸ்திரிகிட்டச் சொல்லு" என்றாளாம். அவள் திரும்பப் பாறையில் இறங்கும்போதே சங்கு ஊதியது.

"சங்கு ஊதுதே, நில்லு!" என்று பொன்னம்மா கத்தியிருக்கிறாள்.

"வாரேன்னு அண்ணங்கிட்டச் சொல்லிப்போட்டேன் புள்ளே, நிறுத்தி வெப்பாரு" என்று சொல்லிவிட்டு, அவசரம்கூடக் காட்டாமல், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாளாம்.

பொன்னம்மா அலறியதைக் கேட்டு நான் திரும்பியபோது நடு ஆற்றில் அவளைப் பார்த்தேன். ஷட்டருக்கடியிலிருந்து வந்த தண்ணீர் வெள்ளையாக இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. மேட்டைப் பார்த்தாள், பச்சைக் கொடியோடு நின்றவரை. கோபமில்லை, பயமும் இல்லை. என்ன இது என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. அப்புறம் அந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. காளியண்ணன் மேட்டிலிருந்து உருண்டு வந்து இடுப்பளவு தண்ணீரில் விழுந்தார். ஆட்கள் பிடித்து இழுத்துப்போட்டார்கள்.

மறுநாள் கீழே நாணல் காட்டில் கிடைத்தாள். கூடுதுறையில்தான் காரியம் செய்தோம். ஆடிப்பெருக்குக்குக் காதோலை கருகமணி விடுகிற அதே ஆறு. கொழுந்தனார் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வாசலில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நான் சாமியை வைததில்லை. கேட்டதுண்டு. இன்னும் கேட்கிறேன்.

விசாரணைக்குப் பெரிய ஆபீசர் ஒருவர் வந்தார். காவல் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோரையும் கேட்டார். காளியண்ணன் வாயில் வெற்றிலை இல்லை. முகமே வேறாக இருந்தது.

"அந்தம்மா வரேன்னு சொல்லியிருக்காங்க. நீ கொடி காட்டியிருக்கே. ஏன்?"

"அவிங்க வாரேன்னுதானுங்க சொன்னாங்க. நாந்தான் போறேன்னு கேட்டுப்போட்டேன்."

"வரேன்னா வரேன்னுதானேய்யா அர்த்தம்? அது எப்படிப் போறேன்னு ஆகும்?"

காளியண்ணன் தலை நிமிரவில்லை. கடைசியில் ஆபீசர் காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். எழுந்து, என் இடுப்பிலிருந்த குழந்தையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, கையைக் கூப்பினார்.

"சரிங்க, அப்ப நான் வரேன்."

சொல்லிய பிறகுதான் அவருக்கும் உறைத்தது. வாசலில் அப்படியே நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ஜீப்புக்குப் போனார்.

அடுத்த மாதமே உச்சியில் கதவு திறந்தது. ஷட்டர் தூக்குவதை விடியற்காலைக்கு மாற்றினார்கள். குழந்தை வேதாவுக்கு உச்சி வேளையானால் எங்கிருந்தாலும் அழுகை வந்துவிடும். கொட்டகை நிழலில் உட்கார்ந்தால்தான் அடங்கும். அதற்காகக் கொஞ்ச நாள் தூக்கிப் போனேன். திறந்த கதவு வழியாக மில் பெண்கள் வருவார்கள், என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு நடப்பார்கள். அவள் போன சில நாளிலேயே பட்டினிக்குத் தோற்றுப் புட்டியைக் கவ்விக்கொண்ட குழந்தை, கடைசியில் அந்த நிழலையும் மறந்தது. நானும் போவதை விட்டுவிட்டேன். காளியண்ணனுக்கு வேலை போகவில்லை. அவரே சாவியைக் கொடுத்துவிட்டு உடுமலைப்பேட்டையில் மகள் வீட்டுக்குப் போனார். அங்கேயே காலமானதாகக் கேள்வி.

மில்லை மூடி இடித்துவிட்டார்கள். புதுப் பாலம் வந்துவிட்டது. வண்டிகள் எந்நேரமும் போகின்றன. கிராதிக் கதவைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார்கள். கீழே இன்னொரு அணை கட்டியதில் தண்ணீர் தேங்கி, அந்தப் பாறைகள் வருஷம் முழுக்க முழுகிக் கிடக்கின்றன.

வேதாவைக் கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்தோம். கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் புதுப் பாலத்துக்குக் கூட்டிப்போய், கைப்பிடிச் சுவரோரம் நிற்கவைத்து, "பெரியம்மா, அம்மா எந்தப் பாறைல நின்னாங்க?" என்று கேட்டாள்.

நான் கையை நீட்டினேன். காட்ட ஒரு பாறையும் இல்லை. தண்ணீரைக் காட்டினேன்.