ஜின் ராஜாவின் ரொட்டி

கெய்ரோவின் தணிக்கை அலுவலகம் ஒன்றில் மாயக்கதைகளைப் படிப்பதுதான் மதாம் இன்ஷிராஹின் வேலை. அரசியல் புத்தகங்களை ஆண்கள் வைத்துக்கொண்டார்கள். ஜின்னிலும் பூதத்திலும் என்ன ஆபத்து வந்துவிடப்போகிறது என்று அவற்றை இவள் மேஜைக்குத் தள்ளிவிட்டார்கள். அரசாங்கத்தைத் திட்ட விரும்புகிறவர்கள் எல்லாரும் எப்போதோ ஜின்களிடம் குடிபெயர்ந்துவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஒரு கோடையில் டாக்டர் வக்தி என்பவரின் நாவல் வந்தது. அதில் ஜின் ராஜா உரையாற்றும்போதெல்லாம் நாட்டில் ரொட்டி ஒரு விரற்கடை சுருங்கும். குடிமக்கள் திரண்டுபோய், தயவுசெய்து பேசாதிருங்கள் என்று கெஞ்சுவார்கள். ராஜா மனம் நெகிழ்ந்து, அதற்கு ஒரு நன்றியுரை ஆற்றிவிடுவார். பேருந்தில் இதைப் படித்து இன்ஷிராஹ் சிரித்த சிரிப்பில், பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

எப்படியோ அலுவலக இயக்குநர் ஷௌகத் பே ('பே' என்றால் அங்கே 'ஐயா' மாதிரி ஒரு மரியாதைச் சொல்) அதைப் படித்துவிட்டார். வியர்த்துப்போய் அவளைக் கூப்பிட்டு, உடனே தடை செய்யச் சொன்னார். தடை என்றால் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"அந்த ராஜா ஒருத்தரை ஞாபகப்படுத்துறாருன்னு எழுதும்மா."

"யாரைன்னு எழுதட்டும், பே?"

இயக்குநரின் கண்கள் சுவரில் தொங்கிய நாட்டுத் தலைவர் படத்துக்குப் போய், சுட்டுக்கொண்டதுபோலத் திரும்பின.

"ராஜாவை விடு. ரொட்டி சின்னதாகுதே, அதை எழுது."

"நம்ம ரொட்டி சின்னதாயிடுச்சா என்ன? பெருசாயிருக்குன்னு நேத்துதான் அமைச்சர் பேப்பர்ல சொல்லியிருக்காரு. வேணும்னா நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். 'இது எந்த வகையிலும் நம் நாட்டைப் பற்றிய கதை அல்ல' என்று முதல் பக்கத்தில் தன் கைப்படவே ஒரு வரி சேர்த்து அனுமதி கொடுத்தார்.

கடைகளில் அந்த ஒரு வரியைப் படித்தவர்கள் புத்தகத்தைக் கீழே வைக்கவே இல்லை. ரொட்டி வரிசைகளில் "ராஜா நேத்துப் பேசினாரா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். மேலிடத்திலிருந்து விசாரணை வந்தது. ஷௌகத் பே பழியை இன்ஷிராஹ் தலையில் போட்டார். அவளைச் சமையல் புத்தகப் பிரிவுக்கு மாற்றினார்கள். முதல் வாரம் முழுக்க அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

பிறகு ஒருநாள் நாவலாசிரியரைத் தேடிப் போனாள். அவர் நகரின் ஷுப்ரா பகுதியில் பல் வைத்தியர். எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள். வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, அவரே தன் நாவலைப் பற்றிப் பெருமையடிக்க ஆரம்பித்தார்.

"முதல் பக்கத்துல இருக்கே, அந்த வரி நான் எழுதினதில்ல மதாம். தணிக்கையில யாரோ ஒரு மேதை. என்னைவிட நல்லா எழுதுறான்."

பஞ்சை எடுத்ததும் அவள் வாய் கொப்பளித்து, தான் யார் என்று சொன்னாள். டாக்டர் வக்தி கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். எதிரில் இருப்பது தன் முதல் வாசகி என்று அவருக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு தயங்கித் தயங்கி, நாவல் எப்படி இருந்தது என்று கேட்டார்.

"ஏழாவது அத்தியாயம் ரொம்ப இழுவை, டாக்டர்" என்றாள் இன்ஷிராஹ்.