ஏழு புதுத் தடிகள்

எங்கள் வீட்டில் ஒரு அலுமாரி எப்போதும் பூட்டியே இருக்கிறது. மரக்கறி வெட்டும் கத்தி மட்டும் சமையல் நேரத்தில் வெளியே வரும். சமையல் முடிந்ததும் கழுவித் துடைத்து உள்ளே வைத்துவிடுவேன். இப்படி வாழத் தொடங்கி இரண்டு வருடங்களுக்கு மேலாகிறது.

நான் ஒரு பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் உதவியாளர். அமிலப் போத்தல்களை எண்ணுவது, பூட்டுவது, சாவியைக் கொண்டுபோய் ஒப்படைப்பது இதெல்லாம் என் வேலை. ஆகவே மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, "கூரான சாமான்களையும் மருந்துகளையும் கொஞ்ச நாளைக்குப் பூட்டி வையுங்கள்" என்று தாதி சொன்னது எனக்கு உடனே விளங்கியது. அன்று விளங்கிய ஒரே விஷயம் அதுதான்.

மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. வேறொரு நகரத்தில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஒக்டோபர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் தன் உயிரைப் போக்கிக்கொள்ளப் பார்த்தாள். பக்கத்து அறைப் பிள்ளை தற்செயலாகக் கதவைத் தட்டியிருக்கிறாள். இதைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் முடியாது.

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று தாதியிடம் நான் கேட்கவில்லை. அலுமாரிச் சாவியை, சின்னக் கதவு போட்ட சாமித் தட்டில், அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

குளிர்காலம் முழுவதும் அவள் தன் அறையில் படுத்தே கிடந்தாள். சொந்தக்காரருக்கு, அவள் வீட்டிலிருந்தே படிக்கிறாள் என்று சொன்னோம். ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் மச்சாள் மட்டும் விடவில்லை. தொலைபேசியில் ஒவ்வொரு முறையும், "என்ன, பிள்ளைக்கு ஒரு வருசம் பிந்திப்போச்சு போல" என்பாள். "ஓம் மச்சாள், கொஞ்சம் பிந்தும்" என்று சொல்லிவிட்டு இடியப்பத்துக்கு மா பிசைவேன்.

வியாழக்கிழமைகளில் வீட்டுக்கு வரும் வேறொரு தாதி, உன் கவனிப்பை நம்பியிருக்கும் ஏதாவது ஒரு சின்ன உயிரை எடுத்து வளர் என்று மகளிடம் சொல்லியிருக்கிறாள். நாய்க்குட்டி கேட்பாளோ என்று கணவர் பயந்தார். அவள் கேட்டது, சின்னச் சின்னக் கறுப்புப் பழம் காய்க்கும் ஒரு பிளாக்கரண்ட் செடி. மார்ச் மாதம் பஸ் ஏறி மூவரும் செடி விற்கும் இடத்துக்குப் போனோம். இடுப்புக்கு மேல் வளராத, தொட்டியிலேயே வைக்கக்கூடிய சின்னச் சாதி ஒன்றை அவள் தெரிந்தெடுத்தாள். பார்க்க நாலைந்து காய்ந்த குச்சியைக் கட்டி வைத்ததுபோல இருந்தது.

"உதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றார் கணவர். "ஒரு கறிவேப்பிலை வாங்கினாலும் கொம்மாவின்ர கறிக்கு உதவும்."

"கறிவேப்பிலை இந்தக் குளிருக்குச் செத்துப்போம், அப்பா."

அந்தச் சொல் வந்ததும் மூவரும் நிலத்தைப் பார்த்தோம். பின்னால் வண்டில் தள்ளிக்கொண்டு நின்ற ஒரு வயதான மனுசன் வழி கேட்டார். விலகி நின்றோம்.

"இது சாகாது," என்றாள் அவள், செடியில் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டி. "பனி கொட்டினாலும் நிக்குமாம்."

மிட்சம் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு கல் பதித்த முற்றமும் ஒரு வேலியும்தான் உண்டு. வேலியோரம், காலைவெயில் விழும் மூலையில், பெரிய தொட்டியை வைத்தாள். மண்ணைப் போட்டு, செடியை அதன் பழைய மண் அடையாளத்துக்கும் இரண்டு விரற்கடை கீழே இறக்கினாள்.

"கழுத்துவரைக்கும் புதைக்கிறாய், அழுகப் போகுது," என்றேன்.

"இதுக்கு இப்பிடித்தான் அம்மா. ஆழமா வச்சால்தான் மண்ணுக்குள்ள இருந்து புதுத் தடி வரும்."

அவளுடைய நகத்துக்குள் மண் இருந்தது. ஐந்து மாதத்தில் முதல்தடவை அன்று அவள் இரண்டாம்முறை சோறு கேட்டாள்.

அந்த ஜூலையில் பெரிதாகப் பழம் வரவில்லை. புதிய இடம், வேர் பிடிக்கும் காலம் என்றாள். ஆனால் மண்ணுக்குள்ளிருந்து வெளிர்நிறத்தில் ஏழு புதுத் தடிகள் நிமிர்ந்து வந்தன. நாள்தோறும் காலையில் எண்ணுவாள். வெயில் கூடிய நாட்களில் இரண்டுமுறை தண்ணீர் ஊற்றுவாள். பச்சைப்புழு இருக்கிறதா என்று இலையைப் புரட்டிப் பார்ப்பாள். இலையைக் கசக்கி என் மூக்கருகே பிடித்தாள்; பழத்தின் மணம் அதில் அப்படியே இருந்தது.

அந்த நேரம்தான் அவள் தடிகளைப் பற்றி ஏதோ நீளமாக விளக்கினாள். எது பழையது, எது புதியது, நிறம் எப்படி மாறும் என்றெல்லாம். கடைசியில், "அடுத்த ஜூலை பாருங்கோ, கிண்ணம் நிறையும்" என்றாள்.

அடுத்த ஜூலை. நான் கேட்டது அந்த இரண்டு சொற்களைத்தான். ஒக்டோபருக்குப் பிறகு என் பிள்ளை நாளை மறுநாளைப் பற்றிக்கூடப் பேசியதில்லை. அன்றைக்கு ஒரு முழு வருடத்தைத் தாண்டிப் போய் நின்று பேசினாள். குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தடிகளைப் பற்றி அவள் சொன்ன மற்ற எதுவும் என் காதில் ஏறவில்லை.

இலையெல்லாம் கொட்டி, செடி மறுபடி குச்சியானது. பெப்ரவரியில் ஒருநாள் அவள் சமையலறைக்கு வந்து, "அம்மா, அந்தச் செடி வெட்டுற கத்தரியைத் தாங்கோ. பழைய தடி மூண்டு எடுக்கவேணும்" என்றாள்.

கத்தரி பூட்டிய அலுமாரிக்குள் கிடந்தது. நன்றாகத் தீட்டிய கத்தரி.

"எங்கையோ வச்சிட்டன் பிள்ளை, தேடிப் பாக்கிறன்," என்றேன்.

நாலு நாள் கழித்து மீண்டும் கேட்டாள். தேடுகிறேன் என்றேன். மூன்றாம் முறை கேட்டபோது, "இந்தக் குளிருக்குள்ள ஏன் வெளியில நிக்கிறாய்? நான் வெட்டி விடுறன்" என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை கணவர் அவளை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார். நான் கத்தரியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினேன்.

எனக்கு இந்த வேலை தெரியும் என்றே நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் என் தகப்பனார் திராட்சை வைத்திருந்தவர். கொடியை வெட்டத் தயங்குகிறவனுக்குக் குலை இல்லை என்பார். நீண்டு ஓடிய இளங்கொடியையெல்லாம் இரண்டு கணு விட்டு ஒட்ட வெட்டுவார். வெட்டிய இடத்தில் துளிர் வரும், துளிரோடு குலை வரும். வெட்டிய கொடிகளை அள்ளிப் போடுவது என் வேலையாக இருந்தது. அதைத்தான் இங்கேயும் செய்தேன். மெலிந்து நீண்ட இளம் தடிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, இரண்டு கணு விட்டு வெட்டினேன். கறுத்துத் தடித்திருந்த பழைய தடிகளை, இவைதானே செடிக்கு ஆதாரம் என்று விட்டுவைத்தேன். அட்டை தொட்டியிலேயே செருகியிருந்தது. வாசிக்கவில்லை. பாடசாலையில் ஒரு போத்தலின் அட்டையை வாசிக்காமல் மூடியைத் திறக்காத நான்.

வெட்டியதை எல்லாம் கவுன்சில் தந்த தோட்டக் கழிவுத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, கத்தரியைத் துடைத்துப் பூட்டினேன். மனம் நிம்மதியாக இருந்தது. அவள் கேட்டதும் நடந்தது, கத்தரியும் அவள் கைக்குப் போகவில்லை.

வந்தவுடன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அவள் பின்கதவைத் திறந்தாள். செடித் தொட்டிக்கு முன்னால் குந்தினாள். கனநேரம் எழும்பவில்லை.

"புதுத் தடியையெல்லாம் வெட்டிப்போட்டீங்கள்."

"ஓம், வடிவாத் துளிர்க்கும் பார். உன்ர அம்மப்பா இப்பிடித்தான்—"

"அம்மா, இது கிரேப்ஸ் இல்லை. இதுக்குப் போன வருசம் வளந்த தடியிலதான் பழம் வரும். உங்களுக்குச் சொன்னனான்."

நான் கழிவுத் தொட்டிப் பக்கம் பார்த்தேன்.

"அந்த ஏழிலதான் வரவேண்டியது," என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

பின்னால் வந்து நின்ற கணவர், "ஒரு செடிதானே குஞ்சு, வேறொண்டு வாங்குவம்" என்றார்.

"வேண்டாம் அப்பா. இது நல்லாத்தான் இருக்கு. ஒரு வருசம் பிந்தும், அவ்வளவுதான்."

மச்சாளின் சொல். நான் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஓம், ஓம் என்று சொன்னதெல்லாம் மாடிக்குக் கேட்டிருக்கிறது.

ஐந்து நாள் அவள் முற்றத்துக்கு வரவில்லை. இரவில் அவள் அறைக் கதவில் காது வைத்து நிற்பதை நான் விட்டுப் பல மாதமாகியிருந்தது, திரும்பத் தொடங்கினேன். அடுத்த ஜூலையை என் கையாலேயே வெட்டி, குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டேன் என்ற ஒரே நினைவு. ஆறாம் நாள் அவள் பாண் எடுக்க வந்தபோது, நான் பாத்திரத்தைத் தேய்த்தபடியே சொன்னேன்.

"பிள்ளை, கத்தரி துலையேல்ல. உன்ர கையில தரப் பயமா இருந்தது."

"தெரியும்."

"அதைப் பூட்டி வச்சிருந்தனான்."

"தெரியும் அம்மா. சாவி அம்மன் படத்துக்குப் பின்னால."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பினேன்.

"எப்ப இருந்து தெரியும்?"

"வந்த கிழமையே. நீங்கள் விளக்குக் கொளுத்தாத நேரத்திலயும் சாமித் தட்டைத் திறந்து திறந்து பாத்தனீங்கள்."

அவள் பாணுக்கு வெண்ணெய் பூசினாள், கரண்டியின் பின்பக்கத்தால். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பூசுகிறோம். அந்தக் குளிர்காலம் முழுவதும் சாவி எங்கே என்று தெரிந்தே அவள் படுத்திருந்திருக்கிறாள். அதை எடுக்காமல் ஒவ்வொரு நாளையும் கடந்திருக்கிறாள். கத்தரி வேண்டும் என்றபோது என்னிடம் வந்து கேட்டாள், மூன்று முறை. நான் காவல் காத்ததாக நினைத்த வீட்டில் காவல் இருந்தது அவள்தான்.

இதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசை. மே மாதத்தில் இரண்டு கிழமை அவள் கட்டிலை விட்டு எழும்பவே இல்லை. மருந்தை மாற்றினார்கள். நான் வைத்தியரிடம் தடி வெட்டிய கதையைச் சொன்னேன். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்றார் அவர். நான் போட்டேன். இப்போதும் போடுகிறேன். அந்த நாட்களில் செடிக்குத் தண்ணீர் ஊற்றியது நான். தொட்டி காய்ந்தால் வாடிவிடும் என்ற பயத்தில் காலையும் மாலையும் ஊற்றி, மண்ணைச் சேறாக்கிவிட்டேன். யன்னலைத் திறந்து, "காணும் அம்மா, அது நீந்தப் போகுது" என்று அவள் மேலேயிருந்து சொன்னபோதுதான் நிறுத்தினேன்.

ஜூலை வந்தது. நான் விட்டுவைத்த பழைய தடிகளில் பதினொரு பழங்கள். மூவரும் முற்றத்தில் நின்றே தின்றோம். நல்ல புளிப்பு. கணவர் முகத்தைச் சுளித்து, "இதுக்குப் புளியங்காய் நல்லம்" என்றார். அவள் சிரித்தாள். நான் வெட்டிய கட்டைகளிலிருந்தும் மண்ணுக்குள்ளிருந்தும் புதுத் தடிகள் வந்திருந்தன. அவள் அவற்றை எண்ணவில்லை. அடுத்த ஜூலை என்றும் சொல்லவில்லை. சொல்வாளா என்று நான் அந்தக் கோடை முழுவதும் காத்திருந்தேன்.

இந்த வருடம் பெப்ரவரியில், போன கிழமை, அவள் மறுபடி கேட்டாள்.

"அம்மா, கத்தரி."

நான் சாமித் தட்டுக்குப் போனேன். சாவியை எடுத்தேன். அலுமாரியைத் திறந்தேன். கத்தரியின் பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு பின்கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

யன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதைத் துடைக்கவில்லை, துடைத்தால் நான் பார்ப்பது அவளுக்குத் தெரியும். கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினேன். ஒரு முறை வெட்டும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. கோப்பையைக் கீழே வைத்துக் கதவுப்பிடியில் கை வைத்தபோது மூன்றாவது சத்தம் கேட்டது.

அவள் உள்ளே வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. மூன்று கறுத்த தடிகளை மேசையில் போட்டு, பக்கத்தில் கத்தரியை வைத்தாள்.

"புதுசு எட்டு நிக்குது," என்றாள்.

"எட்டோ?"

"ஓம். எண்ணிப் பாருங்கோ. வெட்டாமல் எண்ணுங்கோ."

நான் சிரிக்கப் பார்த்தேன். ஆனால் அதற்குள் என் கை கத்தரியை எடுத்துவிட்டது. கழுவி, துடைத்து, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியும் விட்டது. பூட்டிய பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

அவள் அருகில் வந்து என் விரல்களை விலக்கிச் சாவியை எடுத்தாள். கோபப்படவில்லை. சாமித் தட்டைத் திறந்து, அம்மன் படத்தைச் சற்றுச் சரித்து, அதன் பின்னால் சாவியை வைத்தாள். படத்தை நேராக்கினாள்.

"கை கழுவிட்டு வாறன்," என்று சொல்லி மேலே போனாள்.