இருபத்தைந்தாவது ஸ்பேனர்

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. என் பெயர் வன்னியராஜ். பத்தொன்பது வருஷம் கடற்படையில் ஹெலிகாப்டர் மெக்கானிக். என் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

2023 டிசம்பர் வெள்ளம். நாங்குநேரி பக்கம் ஒரு மைதானத்தில் எங்கள் ஹெலிகாப்டர் நின்றது. கப்பல்களின் கண்ணுக்குத் தப்புகிற நீர்மூழ்கியை நடுக்கடலில் தேடிப் பிடிக்கும் வண்டி அது. அன்று சோற்றுப் பொட்டலம் சுமந்தது. சாத்தான்குளம் பக்கம் ஒரு மொட்டைமாடியில் நிறைமாதக் கர்ப்பிணி முத்துராணி மாட்டிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கி வர வேண்டும். அவள் புருஷன் மந்திரமூர்த்தி என் பக்கத்திலேயே நின்றான்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணுவோம். ஒன்று குறைந்தால், அது எங்கோ இயந்திரத்துக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். கிடைக்கும்வரை வண்டி பறக்காது. என் பெட்டியில் இருபத்துநாலு ஸ்பேனர். எண்ணினேன். சரியாக இருந்தது.

மதியம் 2.10. வண்டி பறக்கலாம் என்று கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன்.

டக்... டக்... டக்...

ஹெலிகாப்டரின் வாலுக்குள்ளிருந்து சத்தம். அங்கே ஆள் நுழைய இடமே கிடையாது.

மறுபடி எண்ணினேன். இருபத்தைந்து.

ஒரு ஸ்பேனர் கூடுதல். துருப்பிடித்தது. ஈரம் சொட்டியது. தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு...

குறைந்தால் என்ன செய்வது என்று விதி இருக்கிறது. கூடினால் என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. பேனாவை மூடினேன்.

பைலட் கத்தினார். உன் கருவி எல்லாம் இருக்கிறதே, பிறகென்ன என்றார். வேலை போய்விடும் என்றார். போகட்டும் என்றேன். மந்திரமூர்த்தி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, அவளுக்கு வலி எடுத்துட்டு. அனுப்பிவிடுங்க."

அவன் கையை விலக்கினேன். ஹெலிகாப்டருக்கு முன்னால் போய் நின்றேன்.

"இது போனா அவளும் வரமாட்டா, போறவங்களும் வரமாட்டாவ. என்னைத் தாண்டி எவன் எடுக்கான்னு பாக்கேன்."

டக்...

இந்த முறை பைலட்டுக்கும் கேட்டது. இருக்கையை விட்டு இறங்கிவிட்டார்.

3.25க்கு வேறொரு ஹெலிகாப்டர் முத்துராணியைக் கொண்டுவந்தது. ஆம்புலன்ஸிலேயே பெண் குழந்தை.

நான் வாலைத் திறந்தேன். பின்விசிறியைச் சுழற்றும் தண்டில் மயிரிழை விரிசல். பறந்திருந்தால் நடுவானில் முறிந்திருக்கும்.

உள்ளே யாரும் இல்லை.

அந்த ஸ்பேனரில் ஓர் எண் கீறியிருந்தது. தளத்துக்குத் திரும்பியதும் பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். நான் பிறப்பதற்கு முன்பே நடுக்கடலில் விழுந்த ஒரு ஹெலிகாப்டரின் கருவி அது. பறக்கும் முன் பெட்டியில் ஒன்று குறைந்திருக்கிறது. இதே எண். அவசரம் என்று தேடாமலே மெக்கானிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவரும் அதில்தான் ஏறிப் போயிருக்கிறார்.

அந்த ஹெலிகாப்டரின் ஒரு போல்ட்கூட இன்றுவரை கரைக்கு வரவில்லை.